குற்றத்தைக் கற்பது தகுமா?

அறிவைத் தேடுவது கடமை என்று கேட்டு வளர்ந்த சமுதாயம் நம்முடையது. ஆயினும் எல்லாக் கல்வியையும் நாம் ஒரே கண்கொண்டு நோக்குவதில்லை. பிள்ளை மருத்துவம் பயில விரும்பினால் வீடே மகிழ்கிறது. பொறியியல் என்றால் தலையசைக்கிறது. வணிகவியல் என்றால் கடைக்கு ஆள் கிடைத்ததென்று நிறைவு கொள்கிறது. "குற்றவியல் படிக்கிறேன்" என்று சொன்னால் மட்டும் ஒரு மௌனம் விழுகிறது. "நல்ல குடும்பத்துப் பிள்ளைக்குக் குற்றத்தோடு என்ன உறவு? திருட்டையும் கொலையையும் மூன்றாண்டுக் காலம் ஓதிக்கொண்டிருந்தால் உள்ளம் கறுத்துவிடாதா?" என்ற கேள்வி அந்த மௌனத்துக்குள் இருக்கிறது.

இக்கேள்வியை அறியாமை என்று ஒதுக்கிவிட நாம் விரும்பவில்லை. அதற்குள் நேர்மையான ஓர் அச்சம் உண்டு. எதை அன்றாடம் நினைக்கிறோமோ அதன் சாயல் நம் மேல் படியும் என்பது முன்னோர் கண்ட உண்மை. ஆதலால் கேள்வியை அதன் முழு வலிமையோடு எடுத்துக்கொண்டு விடை காண முயல்வதே முறையாகும். தீமையை ஒரு பாடமாக்கிக் கற்கலாமா? கற்றால் கற்பவனுக்கு விளைவது என்ன? தீமையின் காரணத்தை அறிந்துகொண்ட பின், தீமை செய்தவனைக் குற்றவாளி என்று சொல்லும் உரிமை நமக்கு எஞ்சியிருக்குமா?

முதற் கேள்விக்கு நபித்தோழர் ஒருவரின் வாழ்விலேயே விடை இருக்கிறது. ஏனைய தோழர்கள் அண்ணல் நபி (ஸல்) அவர்களை அணுகி நன்மைகளைப் பற்றி வினவிக் கொண்டிருந்தபோது, ஹள்ரத் ஹுதைஃபா (ரலி) அவர்கள் தீமைகளைப் பற்றி வினவினார்கள். தீமை தம்மை வந்து பற்றிவிடுமோ என்ற அச்சமே அதற்குக் காரணம் என்று அவர்களே விளக்கியுமிருக்கிறார்கள். அவர்களை யாரும் தடுக்கவில்லை. நபிகளாரும் விடை சொல்லாமல் விட்டுவிடவில்லை. பின்னாளில் குழப்பம் சூழும் காலங்களை உணர்ந்து சொல்வதில் தோழர்களிடையே தனிச் சிறப்புப் பெற்றவராகவும் அவர்கள் விளங்கினார்கள். நோயை அறியாமல் மருந்தறிய இயலாது. பாறை இருக்குமிடம் தெரியாத மரக்காயர் மன்னார் வளைகுடாவில் தோணி ஓட்டவும் இயலாது.

எனவே தீமையைக் கற்பது தானாகவே தீயதாகிவிடாது. எந்த நோக்கத்தோடு கற்கிறோம், எந்தக் கண்ணோடு பார்க்கிறோம் என்பவையே கேள்வி. இந்தக் கண் எப்படியிருக்க வேண்டும் என்பதற்கு நம் கடற்கரையே மூன்று பாடங்களை வைத்திருக்கிறது. அவற்றைப் பார்க்குமுன் இக்கல்வி எத்தகையது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம்.

குற்றவியல் என்பது போலீஸ் பயிற்சியன்று. சட்டப் படிப்புமன்று. குற்றம் ஏன் நிகழ்கிறது, யார் அதைக் குற்றம் என்று வரையறுக்கிறார்கள், செய்தவனைச் சமூகம் என்ன செய்கிறது, பாதிக்கப்பட்டவர் என்ன ஆகிறார், சிறை மனிதனைத் திருத்துகிறதா கெடுக்கிறதா என்பனவற்றை ஆராயும் துறை அது. உளவியல், சமூகவியல், சட்டம், தடய அறிவியல் ஆகிய நான்கிலிருந்தும் அது கடன் வாங்குகிறது. இந்தியாவில் சாகர் பல்கலைக்கழகம் 1959-ல் இதற்கெனத் துறை தொடங்கியது. 1970-ல் இந்தியக் குற்றவியல் கழகம் நிறுவப்பட்டது. தமிழகத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்திலும், திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும் குற்றவியல் துறைகள் இயங்குகின்றன. தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் வழியாகவும், சில கல்லூரிகள் வழியாகவும் இளங்கலைப் பட்டமாகவே இதைப் பயிலலாம்.

தலையை அளந்தவர்கள்

இத்துறையின் பிறப்பிலேயே ஒரு கறை உண்டு. அதை மறைத்துவிட்டு இதைப் புகழ்வது முறையன்று.

இத்தாலியரான பெக்காரியா 1764-ல் எழுதிய நூல், தண்டனை குற்றத்துக்கு அளவாக இருக்க வேண்டும், சித்திரவதை கூடாது என்று வாதிட்டது. அது நல்ல தொடக்கம். ஆனால் ஒரு நூற்றாண்டு கழித்து, 1876-ல், அதே நாட்டின் மருத்துவர் லொம்பிரோசோ வேறொன்றைச் சொன்னார். குற்றவாளி பிறக்கும்போதே குற்றவாளியாகப் பிறக்கிறான் என்றும், மண்டையோட்டையும் தாடையையும் காதையும் அளந்தால் அவனை இனங்கண்டுவிடலாம் என்றும் அவர் எழுதினார். ஒருவன் என்ன செய்தான் என்று கேட்க வேண்டிய அறிவியல், அவன் என்னவாகப் பிறந்தான் என்று கேட்கத் தலைப்பட்டது.

அந்தக் காற்று நம் கரைக்கும் வீசியது. சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன் என்பார் மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்பையும் சங்குகுளிப்பையும் கடல்வாழ் உயிர்களையும் ஆராய்ந்து எழுதியவர். இராமேசுவரக் கடலின் பவளப் பாறைகளை வியந்து நோக்கிய அந்தக் கைகளே, பின்னர் அளவுகோலை எடுத்துக்கொண்டு தென்னாட்டுச் சாதியினரின் தலைகளையும் மூக்குகளையும் அளந்தன. உடலளவைப் பாடத்தை அவர் போலீஸ் அதிகாரிகளுக்கும் கற்பித்தார். 1909-ல் அவருடைய ஆய்வு ஏழு தொகுதிகளாக வெளிவந்தது.

வடநாட்டில் 1871-ல் பிறந்த குற்றப் பரம்பரைச் சட்டம், 1911-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியே சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஒரு சாதியில் பிறந்த ஆண்மகன், எக்குற்றமும் செய்யாதிருக்கையிலும், போலீஸில் பெயரையும் கைரேகையையும் பதிய வேண்டும். இரவுகளில் நிலையத்துக்குச் சென்று முகம் காட்ட வேண்டும். மக்கள் இதைக் ரேகைச் சட்டம் என்றே அழைத்தனர். உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3-ஆம் நாள், ரேகை கொடுக்க மறுத்த கள்ளர் சமூகத்தார் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. மாயக்காள் என்னும் பெண் உட்பட 16 பேர் மாண்டனர். 1920-களின் இறுதியில் நம் இராமநாதபுரத்து அப்பநாட்டு மறவர்மீதும் இச்சட்டம் பாய்ந்தது. முத்துராமலிங்கத் தேவர் அதை எதிர்த்து ஊர் ஊராகச் சென்று போராடினார். சென்னை மாகாணம் 1947-லும், நாடு முழுதும் 1952-லும் இச்சட்டத்தை நீக்கின.

இங்கே நாம் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. கைரேகையை வகைப்படுத்தும் முறை 1897-ல் கல்கத்தாவில் உலகிலேயே முதலாவதாக ஒரு ரேகைப் பிரிவு அமைவதற்கு வழிகோலியது. அம்முறை எட்வர்டு ஹென்றி என்ற ஆங்கிலேய அதிகாரியின் பெயரால் வழங்குகிறது. ஆயினும் அதன் கணித அமைப்பில் பெரும்பங்கு வங்காளத்து முஸ்லிம் ஒருவருடையது. அவர் பெயர் காஜி அஸீஸுல் ஹக். அவருடன் உழைத்தவர் ஹேமச்சந்திர போஸ். மண்டையோட்டின் அளவு, "இவன் செய்யக்கூடியவன்" என்று ஊகம் சொல்கிறது. விரல் ரேகையோ, "இதைத் தொட்டவன் இவன்" என்று சான்று மட்டுமே சொல்கிறது. இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. அப்படியிருந்தும் அந்தச் சான்றுக் கருவியே அப்பநாட்டில் ஊகத்தின் கைவிலங்காக மாறிற்று. எதையும் தொடாத விரல்களிலிருந்து ரேகை எடுக்கப்பட்டது. கருவி நீதியைச் செய்வதில்லை. கருவியைப் பிடித்தவனின் நினைப்பே நீதியையும் அநீதியையும் செய்கிறது.

ஒருவர் செய்த வினைக்கு மற்றொருவரைப் பொறுப்பாக்குவதைத் திருமறை ஏற்பதில்லை. ஐயப்பாடுகளில் சில பாவமானவை என்றும், பிறர் குறைகளைத் துருவித் தேடலாகாது என்றும் அது எச்சரிக்கிறது. இந்நெறியைப் படித்த நமக்கு, பிறப்பைக் கொண்டு மனிதனைக் குற்றவாளியாக்குவது எத்துணைப் பெரிய பிழை என்பது விளங்கும். இன்று பெயரையும் தாடியையும் கண்டு சந்தேகிக்கப்படும்போது நமக்குள் எழும் வேதனையும் அதே பிழையால் வருவதுதான். ஆனால் அந்த வேதனை நம்மைப் பற்றியதாக மட்டும் நின்றுவிடலாகாது. நம் பக்கத்து ஊரில், நம் பாட்டனார் காலத்தில், இரவுதோறும் போலீஸ் நிலையத்துத் திண்ணையில் படுத்துறங்கியவனின் வேதனையும் அதுவேயாகும். ஒரு மாணவன் இக்கல்வியின் முதற் பாடமாக இதைப் பெற்றாலே அது பயனுள்ள கல்விதான்.

நேற்றைய தொழில், இன்றைய குற்றம்

இரண்டாம் பாடம் கடலுக்கு அடியில் இருக்கிறது.

தொண்டி முதல் தேவிபட்டினம், மண்டபம், பெரியபட்டினம், கீழக்கரை வரை உள்ள நம் கரையில் கடல் அட்டை எடுப்பது தலைமுறைத் தொழிலாக இருந்தது. மூழ்கி எடுத்து, குடல் நீக்கி, வேகவைத்து, மணலில் புதைத்து, தோலின் சுண்ணப் படிவைத் தேய்த்துக் கழுவி, மீண்டும் அவித்து, வெயிலில் உலர்த்தினால் சீனர் விரும்பும் பண்டமாகிவிடும். நம் நாட்டில் அதை உண்பார் இல்லை. ஆயினும் கிழக்கு நாடுகளில் அதற்குப் பெருவிலை உண்டு. எத்தனையோ குடும்பங்கள் அதனால் உண்டன, உடுத்தன, மணம் முடித்தன.

அளவின்றி எடுத்ததால் அவ்வுயிர் அருகத் தொடங்கியது. 1982-ல் அரசு, சிறியவற்றை ஏற்றுமதி செய்யலாகாது என்று தடை விதித்தது. 2001-ஆம் ஆண்டு ஜூலையில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் எல்லா வகைக் கடல் அட்டைகளும் சேர்க்கப்பட்டன. அதாவது, புலிக்கும் யானைக்கும் உள்ள பாதுகாப்பு அதற்கும் கிடைத்தது. அன்று வரை தொழிலாளியாக இருந்தவன், அடுத்த நாள் அதே கையால் அதே உயிரை எடுத்தால் ஆண்டுக்கணக்கில் சிறை செல்ல வேண்டிய குற்றவாளியானான். நீரிணைக்கு அப்பால் இலங்கையிலோ அதே உயிர், உரிமம் பெற்று எடுக்கவும் பண்ணையில் வளர்க்கவும் விற்கவும் உரிய பொருளாக இருக்கிறது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஏறத்தாழ 30 கிலோமீட்டர்தான். அத்தொலைவுக்குள் நன்மையும் தீமையும் இடம் மாறிவிடுமா?

"சட்டம்தானே குற்றம் என்கிறது. மார்க்கம் பாவம் என்று சொல்லவில்லையே" என்று வாதிடுவோர் நம்மிடையே உண்டு. கொழும்பிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் தங்கம் கொண்டுவரும் 'குருவி'களும் இதையே சொல்வார்கள். இவ்வாதம் மேலோட்டமானது. ஃபிக்ஹு நூலோர் விலக்கப்பட்டவற்றை இரு வகையாகப் பிரிப்பர். தன்னளவிலேயே விலக்கப்பட்டது ஒன்று. பிறிதொரு காரணத்தால் விலக்கப்பட்டது மற்றொன்று. கொலையும் களவும் முதல் வகை. வாணிபம் ஆகுமானது. ஆனால் ஜும்ஆவின் பாங்கு ஒலித்த பின் கடையை மூடாமல் வாணிபம் செய்வது இரண்டாம் வகை. மேனாட்டுச் சட்ட அறிஞரும் இதனையொத்த ஒரு பிரிவினையைக் கையாளுகின்றனர். கடல் அட்டையின் தடை இரண்டாம் வகையைச் சேர்ந்தது. அதற்குப் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது. கடலடி மணலைத் தின்று தூய்மை செய்யும் அவ்வுயிர் அழிந்தால் கடல் நலியும். கடல் நலிந்தால் நாளைய மீனவனின் பிள்ளை பட்டினி கிடப்பான். ஆகவே, "யாருக்கு நட்டம்?" என்ற கேள்விக்கு விடை உண்டு. நட்டம், இன்னும் பிறவாதவர்களுக்கு.

சைக்ஸ், மாட்சா என்னும் இரு அமெரிக்க அறிஞர்கள் 1957-ல் ஓர் ஆய்வுரை எழுதினர். தவறு செய்பவன் நன்மை தீமை அறியாதவன் அல்லன் என்பது அவர்கள் கண்ட முடிவு. அறிந்தவன்தான், ஆனால் மனச்சான்றை உறங்க வைக்கச் சில சொற்களைத் தயாராக வைத்திருக்கிறான். 'என் பொறுப்பில்லை', 'யாருக்கும் தீங்கில்லை', 'அவனுக்கு அது வேண்டியதுதான்', 'குற்றம் சொல்பவன் மட்டும் யோக்கியனா', 'என் குடும்பத்துக்காகச் செய்தேன்' என ஐந்து தாலாட்டுகளை அவர்கள் பட்டியலிட்டனர். இவ்வைந்தையும் நம் கரையில் எந்தத் தேநீர்க் கடையிலும் ஒரே மாலையில் கேட்கலாம். நஃப்ஸு மனிதனை ஏமாற்றும் விதத்தை நம் ஞானியர் பல நூற்றாண்டுகளாகச் சொல்லி வந்திருக்கின்றனர். குற்றவியல் அதை வேறொரு மொழியில் சொல்கிறது. பதினெட்டு வயதில் ஒருவன் இதைக் கற்றுக்கொண்டால், பிறர் குற்றத்தை ஆராயுமுன் தன் நாவில் எந்தத் தாலாட்டு ஊறுகிறது என்று கேட்கப் பழகுவான்.

ஆனால் இங்கே சட்டமும் கேள்விக்கு அப்பாற்பட்டதன்று. 1988-ல் தூத்துக்குடியில் நம் நாட்டு ஆய்வாளர்கள் கடல் அட்டையைக் குஞ்சு பொரிக்கச் செய்து வெற்றி கண்டனர். பருவமும் அளவும் வகுத்து ஒழுங்குபடுத்துங்கள், முழுத் தடை வேண்டாம் என்று மீனவர் பலர் கேட்டு வருகின்றனர். தொழிலைப் பறித்த அரசு மாற்றுத் தொழிலைக் கொடுத்ததா? மூழ்கியவன் பிடிபடும்போது, அவனிடம் சரக்கு வாங்கிக் கைமாற்றும் செல்வர் பிடிபடுகிறாரா? சதர்லாந்து என்ற அறிஞர் 1939-ல் மேட்டுக்குடியினரின் குற்றங்களைச் சுட்டிக் காட்டும் வரை, குற்றம் என்றாலே ஏழையின் செயல் என்று அத்துறை எண்ணிக் கொண்டிருந்தது. உயர்குலத்தவர் திருடினால் விட்டுவிட்டு எளியவர் திருடினால் தண்டித்ததாலேயே முன்னைய சமூகங்கள் அழிந்தன என்று அண்ணலார் எச்சரித்தது அதற்குப் பதின்மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்பாகும்.

ஏர்வாடியின் சங்கிலி

மூன்றாம் பாடம் மிகக் கசப்பானது. ஆயினும் அதைச் சொல்லாமல் இக்கட்டுரையை முடிப்பது நேர்மையாகாது.

கடல் அட்டைத் தடை வந்து ஒரு மாதம்கூட நிறையவில்லை. 2001 ஆகஸ்டு 6-ஆம் நாள் விடியற்காலையில் ஏர்வாடியில் தனியார் மனநோயாளர் இல்லம் ஒன்றின் கீற்றுக் கொட்டகை தீப்பற்றியது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தனர். ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டனர். மகான் சுல்தான் செய்யிது இப்ராஹீம் ஷஹீது வலியுல்லாஹ் அவர்களின் தர்காவை நாடி, சுகம் வேண்டி, எல்லாச் சமயத்தாரும் நெடுந்தொலைவிலிருந்து வந்து தங்கும் ஊர் அது. அந்நம்பிக்கையை ஒட்டி எழுந்த தனியார் இல்லங்களில் அந்தச் சங்கிலிகள் இருந்தன.

இக்கொடுமையில் நாம் சிந்திக்க வேண்டியது இதுவே. சங்கிலி ஒளித்து வைக்கப்பட்டிருக்கவில்லை. வந்தவர், போனவர் அனைவரும் அதைக் கண்டனர். மனநலக் காப்பகங்கள் உரிமம் பெற வேண்டும் என்று 1987-ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்கெனவே சொல்லியிருந்தது. சட்டம் ஏட்டில் இருந்தது, சங்கிலி காலில் இருந்தது. இரண்டையும் இணைத்துப் பார்க்கும் கண்தான் இல்லை. உறவினர் அதைப் பராமரிப்பு என்றனர். நடத்தியோர் அதைப் பாதுகாப்பு என்றனர். தீ பற்றிய பிறகே நாடு அதைக் குற்றம் என்றது. உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்கை எடுத்தது. அத்தகைய இல்லங்கள் மூடப்பட்டன. இல்லத்தை நடத்தியோர் பின்னர் தண்டிக்கப்பட்டனர். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியை எவ்வகையிலும் சங்கிலியால் பிணைக்கலாகாது என்று விதித்தது.

அப்பநாட்டில் தீங்கு செய்யாதவனைச் சட்டம் குற்றவாளி என்றது. மன்னார் வளைகுடாவில் நேற்று வரை ஆகுமாக இருந்ததைச் சட்டம் இன்று குற்றம் என்றது. ஏர்வாடியிலோ கண்ணெதிரே நடந்த தீங்கைக் குற்றம் என்று எவரும் அழைக்கவில்லை. ஒரே மாவட்டத்துக்குள், ஒரு நூற்றாண்டுக்குள், குற்றம் என்ற சொல்லும் தீங்கு என்ற பொருளும் மூன்று வகையாகப் பிரிந்து கிடக்கின்றன. இவ்விரண்டையும் பிரித்தறியவும், மீண்டும் ஒன்று சேர்க்கவும் பழகுவதே இக்கல்வியின் உயிர். வெறும் சட்டத்தை மனப்பாடம் செய்தவன் அப்பநாட்டில் ரேகை எடுப்பான், ஏர்வாடியைக் கடந்து போவான்.

அறிந்தால் மன்னித்துவிட வேண்டுமா?

இனி, தொடக்கத்தில் எழுப்பிய கடினமான கேள்விக்கு வருவோம். வறுமை, வளர்ப்பு, சூழல், அநீதி எனக் காரணங்களை அடுக்கிக் கொண்டே போனால் குற்றவாளி என்று எவன் மிஞ்சுவான்? எல்லாரும் சூழ்நிலையின் கைதிகள் என்றாகிவிட்டால், மறுமையின் கேள்வி கணக்குக்குத்தான் என்ன பொருள்?

ஹள்ரத் உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் நடந்த நிகழ்ச்சி ஒன்று இங்கே வழிகாட்டும். ஹாதிபு குடும்பத்தாரின் அடிமைகள் முஸைனா குலத்தவர் ஒருவரின் ஒட்டகத்தைத் திருடி அறுத்துத் தின்றுவிட்டனர். குற்றம் உறுதியாயிற்று. தண்டனையும் சொல்லப்பட்டது. பின்னர் கலீஃபா அவர்கள் அதை நிறுத்தி, எஜமானரை அழைத்து, இவர்களைப் பட்டினி போடுகிறீர் என்றே நான் கருதுகிறேன் என்று கடிந்தார்கள். ஒட்டகத்தின் விலையைக் கேட்டார்கள். 400 திர்ஹம் என்றார் உடையவர். எஜமானர் 800 திர்ஹம் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. பஞ்ச காலத்தில் களவுக்குரிய தண்டனையை அவர்கள் நிறுத்தி வைத்ததும் வரலாறு.

இத்தீர்ப்பை நுணுகி நோக்குவோம். திருட்டு ஆகுமானது என்று அவர்கள் சொல்லவில்லை. குற்றம் இல்லை என்றும் சொல்லவில்லை. குற்றத்தின் சுமையை அது உண்மையில் யார் தோளில் இருக்க வேண்டுமோ அந்தத் தோளுக்கு மாற்றினார்கள். காரணத்தை ஆராய்ந்ததால் பொறுப்பு கரைந்துவிடவில்லை. அதுவரை மறைந்திருந்த பொறுப்பாளி வெளிப்பட்டார். அறிதல் வேறு, மன்னித்தல் வேறு. அறியாமல் மன்னிப்பது அலட்சியம், அறியாமல் தண்டிப்பது கொடுமை. இரண்டுக்கும் முன்னால் அறிதல் வர வேண்டும்.

மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். ஒட்டகத்தை இழந்தவரை அத்தீர்ப்பு மறக்கவில்லை. இழந்ததைப்போல் இரு மடங்கு அவருக்குக் கிடைத்தது. தற்காலக் குற்றவியல் பாதிக்கப்பட்டவரை நெடுங்காலம் சாட்சியாக மட்டுமே கண்டது. ஐக்கிய நாடுகள் அவை 1985-ல்தான் பாதிக்கப்பட்டோருக்கான நீதி பற்றிய பிரகடனத்தை ஏற்றது. இந்தியச் சட்டத்தில் இழப்பீட்டுத் திட்டம் 2008-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் வந்தது. ஷரீஅத்தோ கொலையுண்டவரின் உறவினருக்கே பழியையோ, ஈட்டுத் தொகையையோ, மன்னிப்பையோ தேர்ந்துகொள்ளும் உரிமையை அன்றே கொடுத்தது.

பாதிக்கப்பட்டவரை நினைத்தால் எளிய அனுதாபங்களும் சோதனைக்கு உள்ளாகும். கச்சத்தீவு 1974-ல் இலங்கைக்குரியதாக ஒப்பந்தமாகி, 1976-ல் கடல் எல்லை மேலும் வரையறுக்கப்பட்ட பின், எல்லை தாண்டிப் பிடிபடும் இராமேசுவரம் மீனவருக்காக நம் நெஞ்சு பதறுகிறது. பதற வேண்டியதுதான். அவர் கொள்ளையர் அல்லர், பிழைப்புக்காகக் கடல் சென்றவர். ஆனால் அவ்விசைப்படகின் இழுவைமடி அள்ளிச் செல்வது யாருடைய மீனை? போரினால் எல்லாம் இழந்து மீண்டும் வலை பின்னத் தொடங்கிய யாழ்ப்பாணத்து, மன்னாரத்துச் சிறு மீனவரின் மீனை. அவர்களும் தமிழர்கள், அவர்களுள் முஸ்லிம்களும் உண்டு. பசித்தவன் கையால் பசித்தவனுக்கே தீங்கு நேரும்போது எவர் பக்கம் நிற்பது? ஒரு பக்கத்தைத் தேர்ந்து முழங்குவது எளிது. இரு பக்கத்துக் கண்ணீரையும் எண்ணிக் கணக்கிட்டு வழி தேடுவதற்குப் பயிற்சி வேண்டும். அப்பயிற்சியையே கல்வி என்கிறோம்.

நம் வீடுகளுக்கு

பெற்றோருக்குச் சில சொற்கள். இப்பட்டம் பெற்றவுடன் பதவி காத்திருக்கும் என்று ஆசை காட்டுவது பொய்யாகும். சார்பு ஆய்வாளர் தேர்வுக்கு எந்தப் பட்டமும் போதும். குற்றவியல் பயின்றவன் அதில் கூடுதலாக அறிந்தவனாக இருப்பான், அவ்வளவே. ஆனால் வாயில்கள் பல உண்டு. 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வரும் நன்னடத்தைக் கண்காணிப்பு, சிறைத்துறை, 2015-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இயங்கும் சிறார் நீதி அமைப்புகள், பாதிக்கப்பட்ட பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான ஆற்றுப்படுத்தல் ஆகியவை அவற்றுட் சில. மேற்கொண்டு சட்டமோ சமூகப்பணியோ பயில்வோருக்கு இது வலுவான அடித்தளம். 2024 ஜூலை முதல் நடப்புக்கு வந்த புதிய குற்றவியல் சட்டங்கள், ஏழாண்டும் அதற்கு மேலும் தண்டனைக்குரிய குற்றங்களில் தடயவியல் வல்லுநர் நேரில் செல்ல வேண்டும் என்கின்றன. சிறு குற்றங்கள் சிலவற்றுக்குச் சமூக சேவையையே தண்டனையாக வகுத்திருக்கின்றன. இவற்றுக்கெல்லாம் பயின்ற மனிதர் வேண்டும்.

பெண்மக்களுக்கு இது தகுமா என்று கேட்போர், கீழக்கரையை நினைத்துப் பார்க்கட்டும். 1984-ல் பொறியியற் கல்லூரியும் 1988-ல் தாசீம் பீவி அப்துல் காதர் மகளிர் கல்லூரியும் அங்கே எழுந்தபோதும் ஐயங்கள் இருந்திருக்கும். இன்று அவ்வூரின் பெருமை அவை. கொடுமைக்கு உள்ளான ஒரு பெண், தன் துயரை முதன்முதலாக வாய்விட்டுச் சொல்ல வேண்டிய இடத்தில், தன் மொழியும் தன் நாணமும் அறிந்த மற்றொரு பெண் அமர்ந்திருப்பது எத்துணைப் பெரிய ஆறுதல்!

நம் நாட்டுச் சிறைகளில் இருப்போருள் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் தீர்ப்பளிக்கப்படாதவர்கள். மக்கள் தொகையில் நமக்குள்ள பங்கைவிடச் சிறையில் நமக்குள்ள பங்கு கூடுதல் என்பதும் அரசின் கணக்குகளே காட்டும் உண்மை. இதை வெறும் வசையாகக் கேட்டுச் சினந்தும் பயனில்லை, வெறும் சதியாகக் கூறி ஒதுக்கியும் பயனில்லை. எவ்வளவு வறுமையால், எவ்வளவு ஐயத்தால், எவ்வளவு வழக்குரைஞர் இன்மையால், எவ்வளவு உண்மையான குற்றத்தால் என்று பிரித்துச் சொல்ல நம்மிடம் எத்தனை பேர் இருக்கின்றனர்?

எட்டாம் நூற்றாண்டில் இமாம் அபூயூசுஃப் (ரஹ்) அவர்கள், கலீஃபா ஹாரூன் அல்ரஷீதுக்காக எழுதிய நூலில், சிறைப்பட்டோருக்கு அரசுக் கருவூலத்திலிருந்தே உணவுப்படியும் கோடைக்கும் குளிருக்குமான உடையும் கொடுக்க வேண்டும் என்றும், விலங்கோடு அவர்கள் தெருவில் இரந்துண்ணும் நிலை கூடாது என்றும் அறிவுறுத்தினார்கள். பெரும் நீதிபதியான அவர்கள் சிறைக்கூடத்துக் கஞ்சியையும் போர்வையையும் பற்றிச் சிந்திப்பதைத் தம் தகுதிக்குக் குறைவாகக் கருதவில்லை. ஒரு சமுதாயத்தில் சிலராவது செய்தாக வேண்டிய கடமை என்று நம் மார்க்கம் வகுத்தவற்றுள் இத்தகைய அறிவும் அடங்கும். யாருமே செய்யாவிட்டால் கேள்வி அனைவரையும் நோக்கித் திரும்பும்.

ஆகவே ஒரு பிள்ளை குற்றவியல் பயில விரும்பினால், அவன் குற்றத்தை நாடுகிறான் என்று எண்ண வேண்டாம். அவன் எந்தக் கண்ணோடு செல்கிறான் என்பதை மட்டும் கேளுங்கள். தலையை அளக்கும் கண்ணா, சங்கிலியைக் காணும் கண்ணா? இரண்டாவதாயின், துஆச் செய்து அனுப்பி வையுங்கள். வல்ல அல்லாஹ் அவன் கல்வியைப் பயனுள்ளதாக ஆக்குவானாக.